போல் வால்ட் (கோலூன்றித் தாண்டுதல்): பையனுக்கு எந்த போல், எந்த உயரத்துல பிடி? 13 அடி 125 வாங்கலாமா?

பி.இ.டி_டெல்டா:

வணக்கம். ப்ளஸ் ஒன் படிக்கிற பையனுக்குப் போல் வாங்குற விஷயமா யோசனை வேணும். வயசு 16, உயரம் 170 செ.மீ., எடை 56 கிலோ. ஷூ போட்டு நுனிக்கால்ல நின்னு வலது கையைத் தூக்கினா முஷ்டி வரைக்கும் 2.15 மீ. வருது. வலது கைக்காரன், இடது கால்ல டேக்-ஆஃப், பத்து ஸ்டெப் ரன்-அப். போட்டியில தாண்டினது 3.30.

கைவசம் இருக்கிற போல்கள் (பவுண்டு எண், எந்த எடை ஆளுக்குன்னு போல் மேல போட்டிருக்கிறது): 11 அடி 6 அங்குலம் 125 பவுண்டு, 12 அடி 130, 13 அடி 140. தவிர 14 அடி 150 ஒண்ணு யாரோ கொடுத்தது, சும்மா கிடக்கு. இப்போ அவன் 13 அடி 140-ஐ 3.75 மீட்டர்ல பிடிச்சு ஏறுறான்.

பிரச்சினை என்னன்னா, போல் செங்குத்தா வர்றதுக்குள்ள வேகம் செத்துடுது. பார் மேலேயே விழுறான், இல்லைன்னா பாக்ஸை (போலை ஊன்றுற குழி) ஒட்டின மாதிரி மேட்டோட முன்பக்கத்துல இறங்குறான். ஸ்டாண்டர்ட்ஸை (பாரைத் தாங்குற தூண்கள்) 40 செ.மீ.க்கு இழுத்து வெச்சாதான் 3.30 தாண்ட முடியுது. போலும் அவ்வளவா வளையல.

விற்கிறவர், "140 அவனுக்கு ஹார்டு, 13 அடி 125 எடுங்க, நல்லா வளையும்" என்கிறார். சீனியர் பசங்க, "நீளமான போல்ல ஏறினாதான் உயரம் வரும், அந்த 14-ஐ எடு" என்கிறாங்க. பள்ளியில ஒரே ஒரு போலுக்குத்தான் பணம் இருக்கு. எதை வாங்குறது?

இன்னொண்ணு. ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, 47 கிலோ. 11 அடி 6 அங்குல போலை 2.80-ல பிடிச்சு 2.40 தாண்டுறா. அவளுக்கும் ஏதாவது மாத்தணுமா?

ஊன்றுகோல்:

சார், அவங்க சொன்ன ரெண்டையும் தள்ளி வைங்க. எந்தப் போலை வாங்குறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பையனோட பிடி உயரத்தை முடிவு பண்ணணும். இப்போ அவன் பிடிக்கிற 3.75 அவனுக்கு ரொம்ப அதிகம்.

எப்படிச் சொல்றேன்னா, பாக்ஸ் தரைமட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருக்கு. அதனால பிடி உயரத்துல 20 செ.மீ. கழிச்சா, போல் நேரா நிமிர்ந்து நிக்கும்போது மேல்கை தரையிலேருந்து எவ்வளவு உயரத்துல இருக்கும்னு கிடைச்சுடும். 3.75-க்கு அது 3.55. பையன் தாண்டுறது 3.30. அதாவது தன் கை இருக்க வேண்டிய இடத்துக்கே 25 செ.மீ. கீழதான் பாரைத் தாண்டுறான். பிடி சரியா இருக்கிற பையன், ஆரம்ப நிலையில இருந்தாலும், இந்தக் கணக்குல பூஜ்ஜியத்துக்கு வந்துடணும். கொஞ்சம் தேறினா 20, 30 செ.மீ. மேலே போகணும். உச்சத்துல என்ன நடக்குதுன்னு பாக்கணும்னா, ஸ்வீடன் வீரர் டுப்ளான்டிஸ் 2025 டோக்கியோ உலகப் போட்டியில தாண்டினது 6.30. 5.20 மீட்டர் போலை அதோட உச்சியிலேயே பிடிச்சதா வெச்சுக்கிட்டாலும் கழிச்சா 5.00. மிச்சம் 1.30 மீட்டர் அவர் கைக்கு மேலே எழும்பினது. உயரம் அங்கேயிருந்துதான் வருது. போலோட நீளம் மட்டும் அதைத் தராது.

பிடி ஏறினா ஏன் கஷ்டமாகுதுங்கிறதை எண்ணுல பாருங்க. டேக்-ஆஃப்ல கை 2.15-ல இருக்கு, பாக்ஸ் ஆழம் 20 சேர்த்தா 2.35. போல் சாய்வுப் பக்கம், 2.35 செங்குத்துப் பக்கம், மிச்சப் பக்கம்தான் பாக்ஸோட பின்சுவர்லேருந்து டேக்-ஆஃப் கால் இருக்க வேண்டிய தூரம். 3.75 பிடிக்கு அது 2.92 மீ., போல் தரையோட போடுற கோணம் கிட்டத்தட்ட 39 டிகிரி. 3.45 பிடிக்கு 2.53 மீ., கோணம் 43 டிகிரி. நாலு டிகிரி சின்னதாத் தெரியலாம். ஆனா அவன் அந்த 39-லேருந்து 90 வரைக்கும் தன் எடையைச் சுமந்துக்கிட்டு போலைச் சுத்திக் கொண்டு போகணும், அதுவும் 30 செ.மீ. நீளம் கூடின ஆரத்துல. அவன் ஓடுற வேகத்துக்கு அது முடியல, நடுவுல நின்னுடுது. இதே 3.75-ஐ 2.30 எட்டுற பையன் பிடிச்சா கோணம் 42 ஆகிடும். அதனாலதான் உயரமான பையன் பிடிக்கிறதைப் பார்த்து இவனும் அங்கேயே பிடிக்கக் கூடாது.

இப்போ செய்ய வேண்டியது: 12 அடி 130-ஐ எடுங்க, 3.45-ல பிடிக்கச் சொல்லுங்க. பிடியை எப்பவும் போலோட அடிநுனியிலேருந்து மேல்கையோட மேல்விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்து, மெல்லிய டேப்பால ஒரு அடையாளம் போட்டு வைங்க. கண்ணளவு உதவாது. கீழ்கையும் அதே 30 செ.மீ. இறங்கணும். மேல்கையை மட்டும் இறக்கிட்டுக் கீழ்கையைப் பழைய இடத்துலயே விட்டா ரெண்டு கைக்கும் நடுவுல இடம் குறுகி பிளான்ட் (போலை பாக்ஸ்ல ஊன்றுறது) சரிஞ்சுடும்.

ரன்-அப் தொடங்குற மார்க்கையும் 40 செ.மீ. முன்னாடி தள்ளணும், 2.92-லேருந்து 2.53 வரைக்குமான வித்தியாசம் அது. இதைத்தான் நிறையப் பேர் விட்டுடுறாங்க. பிடியை மாத்துறாங்க, மார்க் அப்படியே இருக்கு. பையன் தூரத்துலேருந்து எம்பிப் பாய வேண்டியதாகி, "குறைச்சுப் பிடிச்சா இன்னும் மோசம்"னு திரும்பவும் பழைய பிடிக்கே போயிடுறான்.

ஸ்டாண்டர்ட்ஸ் விஷயம். விதிப்படி பூஜ்ஜியக் கோட்டிலேருந்து (பாக்ஸோட பின்சுவர் மேல்விளிம்பு) மேட் பக்கமா 80 செ.மீ. வரைக்கும் எங்கே வேணாலும் வைக்கலாம். ஆனா போல் நிக்கிறதுக்கு ஈடுகட்ட 40-க்கு இழுக்கிறது ரொம்ப ஆபத்து. அவன் இறங்குற இடம் பாக்ஸுக்குப் பக்கத்துல வந்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். ஒருநாள் மேட்டைத் தவறவிட்டு பாக்ஸ்லயே விழுவான். 60-க்கும் 80-க்கும் நடுவுல வைங்க. அங்க வெச்சு எதைத் தாண்டுறானோ அதுதான் அவனோட இன்றைய உயரம்.

ஃப்ளெக்ஸ்_கார்டு:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். போல் மேல எழுதியிருக்கும் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் விற்பவர் சொன்ன "125 நல்லா வளையும்" என்பது பாதிக் கணக்கு.

130, 140 என்ற பவுண்டு எண், போலின் உச்சியிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. கீழே மேல்கை இருக்கும்போது பொருந்துகிற எண். அதற்குக் கீழே பிடிக்கப் பிடிக்க அதே போல் விறைப்பாகிக்கொண்டே போகும். பயிற்சியாளர்கள் பொதுவாகக் கையாளும் தோராயக் கணக்கு: பிடி 15 செ.மீ. இறங்கினால் போல் 10 பவுண்டு கூடினது போல. 30 செ.மீ.க்கு மேல் இறங்கினால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், ஆனால் போக்கு அதுதான்.

உங்கள் போல்களை இதில் போட்டுப் பார்ப்போம். 12 அடி என்றால் 3.66 மீ., எண் பொருந்தும் பிடி 3.51. பையன் 3.45-ல் பிடித்தால் 130 என்பது சுமார் 134 ஆகிறது. 13 அடி 3.96 மீ., எண் பொருந்தும் பிடி 3.81. விற்பவர் சொல்லும் 13 அடி 125-ஐ அவன் 3.45-ல் பிடித்தால் 36 செ.மீ. கீழே. சுமார் 149. அதாவது அவனுக்குச் சரியான பிடியில், வாங்கச் சொல்லும் "மென்மையான" போல் கையில் இருக்கும் 12 அடி 130-ஐ விட விறைப்பு! 3.75-லேயே தொடர்ந்து பிடித்தால் சுமார் 129, அப்போது வளையும்தான். ஆனால் பையன் 56 கிலோ, அதாவது 124 பவுண்டு. வளர்கிற வயது. இரண்டு கிலோ கூடினாலே அந்தப் போலின் எண்ணைத் தாண்டிவிடுவான். ஒரே போலுக்குப் பணம் இருக்கும் பள்ளிக்கு அது நஷ்டம்.

14 அடி 150-ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். 3.75-ல் பிடித்தால்கூட 175 பக்கம் போகும். அவனுக்கு அது வளையாத இரும்புக் குழாய். அதைக் கிடக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

எடைக்குக் குறைவான எண் உள்ள போலில் ஏற்றாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் இது விதியாகவே இருக்கிறது, தாண்டுபவரின் எடை போலின் எண்ணைத் தாண்டக் கூடாது. உலக தடகள அமைப்பின் விதிகளில் அப்படி ஒன்று இல்லை, அதனால் நம் ஊர்ப் போட்டிகளில் யாரும் தடுக்க மாட்டார்கள். பள்ளி மாணவர்களுக்கு அந்த அமெரிக்க விதியை நாமே வைத்துக்கொள்வது நல்லது. அதே காரணத்துக்காக, எண் பொருந்தும் பிடிக்கு மேலே ஏற்றிப் பிடிக்கவும் கூடாது. உச்சியில் மிச்சம் இருக்கிற அந்த 15 செ.மீ. பிடிப்பதற்கான இடம் இல்லை.

சரி, வாங்குவது எது? பையன் 12 அடி 130-ல் 3.51 வரை வந்துவிட்டான் என்று வையுங்கள். அடுத்து உங்களிடம் இருப்பது 13 அடி 140 மட்டும். அதை 3.55-ல் பிடித்தால் சுமார் 157. ஒரே தாவலில் 27 பவுண்டு. எந்தப் பையனாலும் முடியாது, மறுபடி நின்று போகும், மறுபடி யாராவது "மென்மையான போல் வாங்கு" என்பார்கள். நடுவில் ஒரு படி இல்லாததுதான் உங்கள் சிக்கல். 12 அடி 6 அங்குலம் 135 வாங்குங்கள். அதன் நீளம் 3.81 மீ., எண் பொருந்தும் பிடி 3.66. 3.55-ல் பிடித்தால் சுமார் 142, 3.66-க்கு ஏறும்போது 135. அங்கிருந்து 13 அடி 140-ஐ 3.70-ல் பிடித்தால் 147. இரண்டு தாவலும் 12 பவுண்டு பக்கம். 5 முதல் 10 பவுண்டு இடைவெளிதான் சுகம், ஆனால் ஒரே போல் என்றால் இதைவிட நன்றாகப் பிரிக்க முடியாது.

வாங்கும்போது ஃப்ளெக்ஸ் எண்ணையும் கேளுங்கள். போலை இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ எடையைத் தொங்கவிட்டு எத்தனை செ.மீ. தொய்கிறது என்று அளந்த எண் அது. எண் பெரிதானால் போல் மென்மை. ஒரே கம்பெனியின் ஒரே நீளப் போல்களை ஒப்பிட பவுண்டு எண்ணைவிட இது துல்லியம். இரண்டு 135 போல்களுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். கம்பெனி மாறினால் ஒப்பிடாதீர்கள், தாங்கும் புள்ளிகளின் இடைவெளி ஆளுக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். அதனால் முடிந்தவரை கையில் இருக்கும் 12, 13 அடிப் போல்கள் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியில் வாங்கினால் படிகள் ஒழுங்காக இருக்கும்.

பி.இ.டி_டெல்டா:

ரொம்ப நன்றி. 12 அடி 6 அங்குலம் 135-ன்னு எழுதிக் கொடுத்துட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். 3.45-ல ஆரம்பிச்ச பிறகு, எதைப் பார்த்துப் பிடியை ஏத்துறது, எதைப் பார்த்துப் போலை மாத்துறது? அடுத்து, பையனுக்குப் போல் வளையணும்னு ரொம்ப ஆசை. 3.45-ல அவ்வளவா வளையாதே, அதுக்கு என்ன சொல்றது?

மேட்_ஓரம்:

சார், ரெண்டாவது கேள்வியிலேருந்து வர்றேன். வளைவுங்கிறது விளைவு. ஓட்டத்தோட வேகம், உயரமான பிளான்ட், சரியான இடத்துல டேக்-ஆஃப் இந்த மூணும் சேர்ந்தா போல் தானா வளையும். அதைத் தேடிப் போனா பசங்க ரெண்டு தப்பு பண்ணுவாங்க.

ஒண்ணு, கால் உள்ளே போயிடும். டேக்-ஆஃப் நேரத்துல மேல்கைக்கு நேர் கீழே கால் நுனி இருக்கணும். மொபைல்ல பக்கவாட்டிலேருந்து ஸ்லோ மோஷன் எடுத்து, கால் தரையை விடுற ஃப்ரேமை நிறுத்திப் பாருங்க. கால் கைக்கு முன்னாடி, பாக்ஸ் பக்கம் 20, 30 செ.மீ. இருந்தா அவன் உள்ளே மிதிக்கிறான். அப்படி மிதிக்கும்போது போல் அவனைப் பின்னாடி இழுக்கும், ஒரு உதறலோட சட்டுனு வளையும். பையன் "வளைஞ்சுது"ன்னு சந்தோஷப்படுவான், ஆனா வேகம் அங்கேயே செத்துருக்கும். நீங்க சொன்ன பார் மேல விழுறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. பிடியைக் குறைச்சும் நிக்குதுன்னா முதல்ல இந்த ஃப்ரேமைப் பாருங்க, போல் மேல பழி போடாதீங்க.

ரெண்டாவது, கீழ்கையை விறைப்பா நீட்டிப் போலைத் தள்ளி வளைக்கப் பார்ப்பாங்க. போல் வளையும். ஆனா நெஞ்சு பின்னாடி நின்னுடும், காலை வீசி எடுத்து மேலே போக வழி இருக்காது. கீழ்கை உறுதியா இருக்கலாம், பூட்டிக்கக் கூடாது.

வளைவு இல்லாம செய்யிற பயிற்சியையே அவனுக்குக் கொடுங்க. நாலு ஸ்டெப், 11 அடி 6 அங்குல போல், நின்னு எட்டுற உயரத்துக்கு மேல 30 செ.மீ.ல பிடி. அவனுக்கு 2.45. போல் வளையாம நேரா நிமிர்ந்து, மேட் நடுவுல காலை ஊன்றி இறங்கணும். மூணு தடவை அப்படி இறங்கினா ஒரு பிடி அகலம், 8 லேருந்து 10 செ.மீ., ஏத்துங்க. நடு மேட்டுக்கு வராம முன்னாடியே விழுந்தா ஒரு பிடி இறக்கிடுங்க. அந்த இடம்தான் நாலு ஸ்டெப்புக்கு அவனோட பிடி. ஆறு ஸ்டெப், எட்டு ஸ்டெப்னு இதே மாதிரி கண்டுபிடிச்சு எழுதி வைங்க. ஸ்டெப் கூடியும் பிடி ஏறலைன்னா அந்தக் கூடுதல் ஓட்டத்தை அவன் டேக்-ஆஃப் வரைக்கும் கொண்டு வரலைன்னு தெரிஞ்சுக்கலாம்.

இப்போ முதல் கேள்வி, பிடியா போலா. இறங்குற இடத்தையும் பாரை எப்படித் தட்டுறான்கிறதையும் சேர்த்துப் பார்க்கணும். மேட்டை நீளவாக்குல மூணாப் பிரிச்சுக்குங்க. ஸ்டாண்டர்ட்ஸ் 80-ல இருக்கட்டும்.

முன் பாகத்துல விழுறான்: பிடி அதிகம், இல்லைன்னா கால் உள்ளே போகுது. கால் சரியா இருந்தா பிடியை 5 லேருந்து 8 செ.மீ. இறக்குங்க. இங்க மென்மையான போலுக்குப் போறது கடைசி வழி.

நடுவுல, நல்லா மேலேருந்து இறங்குறான், ஆனா உயரம் பத்தல: எதையும் தொடாதீங்க. தலைகீழாப் போறது, திரும்புறது, கையால தள்ளி விடுறது இதுல வேலை இருக்கு. நிறையப் பயிற்சியாளர்கள் இங்கதான் அவசரப்பட்டுப் பிடியை ஏத்துறாங்க.

பின் பாகத்துல விழுறான்: இதுல ரெண்டு வகை உண்டு. போல் கொஞ்சமா வளைஞ்சு, வேகமா நிமிர்ந்து, ஆளைப் பின்னாடி கொண்டு போனா பிடியை 5 செ.மீ. ஏத்துங்க. போல் ரொம்ப வளைஞ்சு, அவன் இன்னும் படுத்த வாக்குல இருக்கும்போதே பாருக்குள்ள கொண்டு போய்த் தள்ளினா, மேலே போகும்போதே கால் முட்டியோ கெண்டைக்காலோ பாரை அடிச்சா, போல் மென்மையாப் போச்சு. இப்போ பிடியை ஏத்தினா இன்னும் மென்மையாகும், இன்னும் வளையும், உடையிற ஆபத்தும் வரும். இங்கதான் அடுத்த போல். புதுப் போலுக்கு மாறும்போது பழைய பிடி உயரத்துலயே, இல்லைன்னா 3, 4 செ.மீ. மட்டும் கூட்டி ஆரம்பிங்க.

ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. பிடி, போல், ரன்-அப், ஸ்டாண்டர்ட்ஸ் நாலையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது. பிடியோட ரன்-அப் மார்க் சேர்ந்து நகர்றது மட்டும் விதிவிலக்கு.

ஓட்ட வேகத்தையும் அளந்து வைங்க. டேக்-ஆஃப் இடத்துலேருந்து 5 மீட்டர்லயும் 10 மீட்டர்லயும் ஒரு கூம்பு. 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன்ல அந்த ரெண்டுக்கும் நடுவுல எத்தனை ஃப்ரேம்னு எண்ணுங்க. 156 ஃப்ரேம்னா 0.65 விநாடி, அதாவது விநாடிக்கு 7.7 மீ. போல் இல்லாம ஓடும்போது ஒரு தடவை, போலோட ஒரு தடவை. போலோட ஓடுற எண் முன்னேறாம பிடியை மட்டும் ஏத்திக்கிட்டே போனா, நீங்க ஆரம்பத்துல கேட்ட அதே பிரச்சினை திரும்பி வரும்.

ஃப்ளெக்ஸ்_கார்டு:

ஒன்று சேர்க்கிறேன். யாரோ கொடுத்த போல் என்று எழுதியிருந்தீர்கள். பழைய போல் எதையும் ஏற்றுவதற்கு முன் பிடிப்பகுதியிலும் அடியிலும் இருக்கும் பழைய டேப்பை முழுக்கப் பிரித்துவிட்டுப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் டேப்புக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்து, விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். மேல் பூச்சில் கீறல் பரவாயில்லை. நகம் மாட்டினாலோ, வெள்ளை வெள்ளையாக நார் தெரிந்தாலோ, ஸ்பைக் குத்தின புள்ளி இருந்தாலோ அந்தப் போலை ஒதுக்கிவிடுங்கள். பைபர் கிளாஸ் எச்சரிக்கை கொடுத்து உடையாது, அந்தப் புள்ளியிலிருந்து ஒரே நொடியில் கிழிந்துவிடும்.

தாண்டி முடித்ததும் போல் பின்னால் சரிந்து தரையில் மோதாமல் ஒருவர் பிடிக்க வேண்டும். மேட் இரும்புச் சட்டத்திலோ ஸ்டாண்டர்ட்ஸ் அடியிலோ ஒருமுறை அடிபட்டால் போதும். ஸ்பைக் ஷூ அருகில் போலைக் கிடத்தாதீர்கள். பஸ் மேலே கொண்டு போகும்போது பி.வி.சி. குழாயிலோ கெட்டித் துணி உறையிலோ போட்டு, குறைந்தது மூன்று இடத்தில் துணிக்கயிற்றால் கட்டுங்கள். கம்பி கூடவே கூடாது. அடியில் இருக்கும் ரப்பர் பிளக் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிளக்கோடு ஊன்றினால் போலின் விளிம்பே பாக்ஸில் நேரடியாக மோதும்.

டேப் சுற்றும்போது பிடிப்பகுதியில் சமமாக இருக்க வேண்டும். கை வழுக்காமல் இருக்க வளையம் போல் தடிமனாகச் சுற்றினால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

ஊன்றுகோல்:

அந்தப் பொண்ணைப் பத்தி யாரும் சொல்லல. 11 அடி 6 அங்குல 125-ஐ 2.80-ல பிடிச்சா, எண் பொருந்துற 3.35-க்கு 55 செ.மீ. கீழே. அவளுக்கு அது முழுக்க வளையாத போல். அது தப்பில்லை, வளையாத போல்ல கத்துக்கிறது நல்லதுதான். ஆனா கைக்கு மேலே நீட்டிக்கிட்டு இருக்கிற அந்த 70 செ.மீ. ஓடும்போது பாரமா இருக்கும், பிளான்ட் பண்ணும்போது தலைக்கு மேல ஆடும். கணக்கும் பாருங்க. 2.80-ல 20 கழிச்சா 2.60, தாண்டுறது 2.40. அவளுக்கும் பிடி 20 செ.மீ. அதிகம். 2.60-க்கு இறக்கி, ஆறு ஸ்டெப்ல நடு மேட்டுக்கு வர வைங்க. அடுத்த நிதி வரும்போது அவளுக்கு 10 அடி 110 ஒண்ணு. அது 3.05 மீ., எண் பொருந்துற பிடி 2.90. 47 கிலோ 104 பவுண்டுதான், கொஞ்ச காலம் தாங்கும். நம்ம மாநிலத்துப் பொண்ணுதான் 2022 காந்திநகர் தேசிய விளையாட்டுல 4.20 தாண்டி தேசிய சாதனை படைச்சாங்க, ரோஸி மீனா பால்ராஜ். அந்த உயரத்தைக் கைக்கு மேலே எழும்பாமத் தாண்டணும்னா 4.40-ல பிடிக்கணும். 40 செ.மீ. எழும்பத் தெரிஞ்சா 4.00 போதும். இந்தக் கணக்கை ரெண்டு பசங்களுக்கும் கரும்பலகையில போட்டுக் காட்டுங்க, நீளமான போல் ஆசை தானா அடங்கும்.

போட்டிக்குப் போகும்போது 12 அடி 130, 12 அடி 6 அங்குலம் 135, 13 அடி 140 மூணையும் எடுத்துட்டுப் போங்க. பின்காத்து அடிச்சா வேகம் கூடும், மேட்டுக்குப் பின்னாடி போவான், பெரிய போலுக்குப் போங்க. எதிர்காத்துன்னா பிடியை 5 செ.மீ. இறக்கி, ரன்-அப் மார்க்கை அதுக்குத் தக்க முன்னாடி கொண்டு வாங்க. எதிர்காத்துல வழக்கமான பிடியோட அடம்பிடிச்சு மூணு வாய்ப்பையும் விடுறது மாவட்டப் போட்டிகள்ல வாடிக்கையா நடக்குது. ஸ்டாண்டர்ட்ஸ் எத்தனையில வேணும்னு அதிகாரிகிட்ட பையனே முன்கூட்டிச் சொல்லணும், பழக்கி வைங்க. மத்த பள்ளிப் பையனோட போலைக் கேக்காம எடுக்கக் கூடாது, சொந்தக்காரர் சம்மதம் வேணும்னு விதியே இருக்கு. தாண்டும்போது போல் உடைஞ்சா அதைத் தவறாக் கணக்கு வைக்க மாட்டாங்க, இன்னொரு வாய்ப்பு தருவாங்க. இது தெரியாம அழுதுக்கிட்டே களத்தை விட்டுப் போற பசங்க உண்டு, அதனால முன்னாடியே சொல்லி வைங்க.